மதுசாரமற்ற பியரின் சுவை

மதுசாரமற்ற பியர் என்பது மதுசாரத்தின் (ஆல்ககால்) அளவு மிகக் குறைவாக இருக்குமாறு தயாரிக்கப்படும் பியர் வகை ஆகும். வழக்கமான பியரில் கனவளவில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரை எத்தனால் உள்ளது. மதுசாரமற்றது என விற்கப்படும் பியரில் இந்த அளவு பல நாடுகளில் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வாகனம் ஓட்டுவோர், மது அருந்துவதைக் குறைக்க விரும்புவோர், சமய நெறி காரணமாக மதுவைத் தவிர்ப்போர் எனப் பலர் இதனை அருந்துகின்றனர்.

இவ்வகைப் பியர் நெடுங்காலம் சுவை குன்றிய பானமாகவே கருதப்பட்டது. எத்தனாலை உண்டாக்கும் அதே நொதித்தலே பியரின் மணத்தையும் சுவையையும் உண்டாக்குவது இதற்கு அடிப்படைக் காரணம் ஆகும். நொதித்தலைத் தடுத்தால் மணம் உருவாவதில்லை. நொதித்து முடிந்த பின் எத்தனாலை நீக்கினால் மணமும் அதனுடன் வெளியேறுகிறது. எனவே சுவையான மதுசாரமற்ற பியரைத் தயாரிக்க எத்தனாலை மட்டும் கழித்தால் போதாது. மால்ட் தேர்வு முதல் புட்டியில் அடைப்பது வரை ஒவ்வொரு படியையும் மாற்றியமைக்க வேண்டியுள்ளது. இக்கட்டுரை அம்மாற்றங்களையும் அவற்றின் அறிவியல் அடிப்படையையும் விளக்குகிறது.

வரையறை

எந்த அளவுக்குக் கீழே ஒரு பியரை மதுசாரமற்றது எனக் கூறலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

* செருமனி: கனவளவில் 0.5 விழுக்காடு வரை எத்தனால் உள்ள பியர் மதுசாரமற்றது என விற்கப்படுகிறது.
* ஐக்கிய அமெரிக்கா: 0.5 விழுக்காட்டுக்கும் குறைவான எத்தனால் கொண்ட மால்ட் பானங்களுக்கு ஒரு பெயரும், எத்தனால் அறவே இல்லாதவற்றுக்கு வேறொரு பெயரும் வழங்கப்படுகின்றன.
* ஐக்கிய இராச்சியம்: 2018ஆம் ஆண்டு வெளியான அரசு வழிகாட்டுதல் மூன்று நிலைகளைக் குறிப்பிட்டது. 0.05 விழுக்காடு வரை மதுசாரமற்றது, 0.5 விழுக்காடு வரை மதுசாரம் நீக்கப்பட்டது, 1.2 விழுக்காடு வரை மதுசாரம் குறைந்தது.
* இந்தியா: 2018ஆம் ஆண்டின் மதுபான உணவுத் தர விதிகள், 0.5 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கொண்ட பானங்களை மதுபானம் என வரையறுத்தன.

இவ்வரையறைகளின்படி, மதுசாரமற்றது என்னும் சொல் எத்தனால் முற்றிலும் இல்லை என்று எப்போதும் பொருள்படாது. முற்றிலும் நீக்கப்பட்ட வகைகள் பெரும்பாலும் "0.0" என்னும் குறியுடன் விற்கப்படுகின்றன.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1919ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட வோல்ஸ்டெட் சட்டம் 0.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எத்தனால் கொண்ட பானங்களைத் தடை செய்தது. மூடும் நிலைக்கு வந்த பியர் ஆலைகள் பல, இந்த வரம்புக்குள் அடங்கும் பானங்களைத் தயாரிக்கத் தொடங்கின. ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம் 1916ஆம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தியிருந்த பெவோ இவற்றுள் நன்கு அறியப்பட்டது. வழக்கமான முறையில் பியரைத் தயாரித்து, பின்னர் சூடேற்றி எத்தனாலை ஆவியாக்குவது அக்காலத்தில் பரவலாக இருந்த முறை ஆகும். இச்சூட்டில் பியரின் மணம் பெரிதும் இழக்கப்பட்டது. சட்டத்துக்குப் புறம்பான மதுக்கடைகளில் இத்தகைய பியரில் சாராயத்தைச் சேர்த்து விற்கும் வழக்கமும் இருந்தது.

கிழக்கு செருமனியில் வாகனம் ஓட்டுவோர் மது அருந்துவதற்கு முழுத் தடை இருந்தது. அங்கு 1972ஆம் ஆண்டில் ஆபி என்னும் பியர் அறிமுகமானது. வாகன ஓட்டிகளுக்கான பியர் எனப் பொருள்படும் செருமானியச் சொல்லின் சுருக்கமே இப்பெயர். மேற்கு செருமனியில் பிராங்க்பர்ட் நகரின் பின்டிங் ஆலை 1979ஆம் ஆண்டில் கிளவுஸ்தாலர் என்னும் பியரை வெளியிட்டது. இது நொதித்தலைக் கட்டுப்படுத்தும் முறையில் தயாரிக்கப்பட்டது. அதன் பின்னர் ஐரோப்பாவின் பெரிய ஆலைகள் பலவும் இத்துறையில் இறங்கின. 2017ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஹெய்னெக்கென் நிறுவனம் 0.0 வகையை அறிமுகப்படுத்தியது.

பியரின் சுவை உருவாகும் விதம்

பியரின் முதன்மை மூலப்பொருள்கள் வாற்கோதுமை (பார்லி), நீர், ஹாப்ஸ் பூக்கள், ஈஸ்ட் (மதுவம்) ஆகியவை ஆகும். வாற்கோதுமையை முளைக்கவிட்டு உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. நொறுக்கிய மால்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. வடிகட்டிக் கிடைக்கும் இனிப்பான நீர்மம் இக்கட்டுரையில் மால்ட் சாறு எனப்படுகிறது. இச்சாறு ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைக்கப்படுகிறது. ஆறிய பின் அதில் ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது.

ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அத்துடன் வேறு மூன்று மாற்றங்களும் நிகழ்கின்றன.

* எஸ்ட்டர்கள், உயர் ஆல்ககால்கள் ஆகிய மணப்பொருள்கள் உருவாகின்றன. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டு இவற்றுள் ஒன்று.
* மால்ட் சாற்றில் உள்ள ஆல்டிகைடுகள் மணம் குறைந்த ஆல்ககால்களாக ஒடுக்கப்படுகின்றன.
* கரிம அமிலங்கள் வெளியாவதால் காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்.) 5.2 அளவிலிருந்து 4.2 முதல் 4.5 வரை இறங்குகிறது. பியரின் புத்துணர்வான சுவைக்கு இப்புளிப்பு தேவை.

நொதித்தல் குறையும் அளவுக்கு இம்மூன்று மாற்றங்களும் குறைகின்றன.

எத்தனாலின் பங்கு

எத்தனால் சுவையற்ற பொருள் அன்று. அது சிறிது இனிப்பையும், சிறிது கசப்பையும், தொண்டையில் வெதுவெதுப்பான உணர்வையும் தருகிறது. நீர்மத்தின் பாகுத்தன்மையையும் ஓரளவு கூட்டுகிறது. எத்தனால் இல்லாத பியர் நீர்த்துப்போனது போல் நாவில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணப்பொருள்களைக் கரைசலில் பிடித்துவைப்பது எத்தனாலின் மற்றொரு பணி ஆகும். பியரின் மணப்பொருள்கள் பலவும் நீரைவிட எத்தனாலில் நன்கு கரைபவை. எத்தனால் குறைந்தால் அவை எளிதில் கரைசலை விட்டு வெளியேறி மூக்கை அடைகின்றன. பெல்சியத்தின் லூவைன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்பெட், கொலின் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, வழக்கமான பியர் 32 முதல் 39 விழுக்காடு ஆல்டிகைடுகளைக் கரைசலில் தக்கவைத்தது. மதுசாரமற்ற பியர் 8 முதல் 12 விழுக்காட்டை மட்டுமே தக்கவைத்தது. ஆகவே இரண்டிலும் ஒரே அளவு ஆல்டிகைடு இருந்தாலும், மதுசாரமற்ற பியரில் அதன் வாடை மிகுதியாக உணரப்படுகிறது.

முதன்மையான சுவைக் குறைபாடுகள்

பச்சை மால்ட் வாடை

நொதித்தலைக் கட்டுப்படுத்தித் தயாரிக்கும் பியரில் பரவலாகக் காணப்படும் குறை இதுவாகும். வெந்நீரில் கலக்கிய மால்ட் பானத்தூளை நினைவூட்டும் இம்மணம் பியரில் விரும்பப்படுவதில்லை. அமினோ அமிலங்கள் சூட்டில் சிதைவதால் உருவாகும் ஆல்டிகைடுகளே இதற்குக் காரணம். செருமானிய வேதியியலாளர் அடோல்ப் ஸ்ட்ரெக்கர் 1862ஆம் ஆண்டில் விவரித்த வினை என்பதால் இது ஸ்ட்ரெக்கர் சிதைவு எனப்படுகிறது. மால்டை உலர்த்தும்போதும் சாற்றைக் கொதிக்கவைக்கும்போதும் இவ்வினை நிகழ்கிறது.

* லூசினிலிருந்து 3-மெத்தில்பியூட்டனல் உருவாகிறது.
* ஐசோலூசினிலிருந்து 2-மெத்தில்பியூட்டனல் உருவாகிறது.
* மெத்தியோனினிலிருந்து மெத்தியோனல் உருவாகிறது. வேகவைத்த உருளைக்கிழங்கின் மணம் கொண்ட இது மிகச் சிறிய செறிவிலும் உணரப்படுகிறது.

வெறுமையான சுவை

எத்தனாலை நீக்கித் தயாரிக்கும் பியரில் இதற்கு நேர்மாறான குறை காணப்படுகிறது. ஆல்டிகைடுகள் நொதித்தலின்போதே ஒடுக்கப்பட்டுவிடுவதால் பச்சை வாடை குறைவு. ஆனால் எஸ்ட்டர்களும் உயர் ஆல்ககால்களும் எத்தனாலுடன் வெளியேறிவிடுவதால் பியர் மணமிழந்து, உடற்கட்டு குன்றி, புளிப்பு மேலோங்கித் தோன்றுகிறது.

மிகை இனிப்பும் துருத்தும் கசப்பும்

நொதிக்காமல் எஞ்சும் மால்டோஸ், மால்டோட்ரையோஸ் ஆகிய சர்க்கரைகள் தெவிட்டும் இனிப்பைத் தருகின்றன. எத்தனால் நீக்கப்பட்ட பியரிலோ ஹாப்ஸின் கசப்பை ஈடுசெய்ய இனிப்பும் உடற்கட்டும் போதாமையால், அது தனித்துத் துருத்தி நிற்கிறது.

நொதித்தலுக்கு உள்ள இடம்: ஒரு கணக்கு

கனவளவில் 0.5 விழுக்காடு என்பது ஒரு லீட்டருக்கு 5 மில்லிலீட்டர் எத்தனால் ஆகும். எத்தனாலின் அடர்த்தி மில்லிலீட்டருக்கு 0.789 கிராம் என்பதால் இது சுமார் 4 கிராம். ஒரு கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் கோட்பாட்டளவில் 0.51 கிராம் எத்தனால் கிடைக்கும். எனவே ஒரு லீட்டர் சாற்றில் சுமார் 8 கிராம் சர்க்கரையே நொதிக்கலாம்.

வழக்கமான 5 விழுக்காட்டுப் பியரில் இதனைப் போல் பத்து மடங்கு, அதாவது சுமார் 80 கிராம் சர்க்கரை நொதிக்கிறது. மணம் உருவாதல், ஆல்டிகைடு ஒடுக்கம், அமிலம் வெளியாதல் ஆகிய அனைத்தும் இந்த 8 கிராம் சர்க்கரைக்குள் நிறைவேற வேண்டும் என்பதே நொதித்தலைக் கட்டுப்படுத்தும் முறையின் சிக்கல் ஆகும்.

மால்ட் சாறு தயாரிப்பில் செய்யப்படும் மாற்றங்கள்

ஊறவைக்கும் வெப்பநிலை

மால்டில் மாப்பொருளை உடைக்கும் இரு முக்கிய நொதிகள் உள்ளன. பீட்டா அமைலேசு 60 முதல் 65 பாகை செல்சியஸில் நன்கு செயற்பட்டு, ஈஸ்ட் எளிதில் நொதிக்கும் மால்டோஸைத் தருகிறது. 70 பாகைக்கு மேல் அது விரைவில் செயலிழக்கிறது. ஆல்பா அமைலேசு 70 முதல் 75 பாகை வரை செயற்பட்டு, மாப்பொருளைப் பெரிய துண்டுகளாக உடைக்கிறது. டெக்ஸ்ட்ரின்கள் எனப்படும் இத்துண்டுகளில் பெரும்பாலானவற்றை ஈஸ்டால் நொதிக்க இயலாது.

மால்டை நேரடியாக 75 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வெந்நீரில் இட்டால் பீட்டா அமைலேசு செயற்பட வாய்ப்பின்றி அழிகிறது. கிடைக்கும் சாற்றில் நொதிக்கும் சர்க்கரை குறைந்தும் டெக்ஸ்ட்ரின் மிகுந்தும் இருக்கும். டெக்ஸ்ட்ரின் இனிப்பைப் பெரிதும் கூட்டாமல் உடற்கட்டைத் தருகிறது. இதனால் சாற்றின் செறிவை மிகவும் குறைக்காமலேயே எத்தனால் வரம்புக்குள் நிற்க முடிகிறது.

மால்ட் தேர்வு

கோதுமையும் ஓட்ஸும் புரதத்தையும் பிசின் தன்மையுள்ள பொருள்களையும் சேர்த்து, நுரையையும் வாய்நிறைந்த உணர்வையும் கூட்டுகின்றன. அடர்நிறமாக வறுத்த மால்டின் காப்பி போன்ற மணம் பச்சை மால்ட் வாடையை ஓரளவு மறைக்கிறது. கறுப்பு வகைப் பியர்களும் கலங்கலான கோதுமைப் பியர்களும் எத்தனால் இன்றியும் ஏற்கத்தக்க சுவையுடன் அமைவதற்கு இவை துணைபுரிகின்றன. வெளிர்நிற லாகர் வகையில் குறைகளை மறைக்க எதுவும் இல்லாததால் அதுவே மிகக் கடினமானது.

கொதிக்கவைத்தல்

ஆல்டிகைடுகள் ஆவியாகக் கூடியவை. திறந்த ஆவிப்போக்குடன் வலுவாகக் கொதிக்கவைத்தால் அவற்றின் ஒரு பகுதி வெளியேறுகிறது. ஆயினும் நீண்ட சூடு புதிய ஆல்டிகைடுகளையும் உருவாக்குகிறது. எனவே சூட்டின் மொத்த அளவைக் குறைத்து, ஆவியாதலை மட்டும் கூட்டும் கொதிகலன்கள் விரும்பப்படுகின்றன. கொதித்த சாற்றை நெடுநேரம் சூடாக வைத்திருப்பதும் தவிர்க்கப்படுகிறது.

புளிப்பேற்றுதல்

நொதித்தல் குறைவதால் ஏற்படும் புளிப்புக் குறையை ஈடுசெய்யச் சாற்றில் லாக்டிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. செருமனியில் 1516ஆம் ஆண்டின் பவேரியத் தூய்மைச் சட்டத்திலிருந்து வளர்ந்த மரபு, வெளியிலிருந்து அமிலம் சேர்ப்பதை ஏற்பதில்லை. அங்கு மால்டின் மேல் இயற்கையாக வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களைச் சாற்றின் ஒரு பகுதியில் வளர்த்து, அப்புளித்த சாறு முதன்மைச் சாற்றுடன் கலக்கப்படுகிறது. புளிப்பு, எஞ்சிய சர்க்கரையின் இனிப்பைச் சமன்செய்கிறது. நுண்ணுயிர்ப் பாதுகாப்புக்கும் இது துணைபுரிகிறது.

நொதித்தலில் செய்யப்படும் மாற்றங்கள்

குளிர்த் தொடுகை முறை

சாற்றை 0 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, அதில் மிகுதியான ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. இக்குளிரில் சர்க்கரையின் நொதித்தல் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆனால் ஆல்டிகைடுகளை ஒடுக்கும் நொதிகள் தொடர்ந்து செயற்படுகின்றன. ஒன்றிரண்டு நாட்களில் ஈஸ்ட் பிரித்தெடுக்கப்படுகிறது. பச்சை வாடை குறைந்தாலும் எஸ்ட்டர்கள் போதிய அளவு உருவாவதில்லை.

1990களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் இம்முறையின் தொடர் வடிவம் ஆராயப்பட்டது. சிறு துகள்களின் மேல் ஈஸ்டை நிலைநிறுத்தி, குளிர்ந்த சாறு அவற்றினூடே மெதுவாகச் செலுத்தப்பட்டது. சாறு ஈஸ்டுடன் தொட்டிருக்கும் நேரத்தை இதில் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம்.

மால்டோஸை நொதிக்காத ஈஸ்ட்கள்

சாற்றிலுள்ள நொதிக்கும் சர்க்கரைகளில் மால்டோஸ் பாதிக்கும் மேற்பட்டது. குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து சிறுபகுதியே. இம்மூன்றை மட்டும் நொதித்து மால்டோஸைத் தொடாத ஈஸ்ட்கள் இயற்கையில் உள்ளன. இவற்றைப் பயன்படுத்தினால் எளிய சர்க்கரைகள் தீர்ந்தவுடன் நொதித்தல் தானாகவே நிற்கும். குளிர்வித்து நிறுத்த வேண்டிய தேவை இல்லாததால், ஈஸ்டுக்கு ஆல்டிகைடுகளை ஒடுக்கப் போதிய நேரமும் வெப்பமும் கிடைக்கின்றன.

* சாக்கரோமைக்கோடெஸ் லுட்விகி: இத்துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் இனம். 6 முதல் 7 விழுக்காடு செறிவுள்ள சாற்றில் இதனைப் பயன்படுத்தினால் எத்தனால் ஏறத்தாழ 0.5 விழுக்காட்டில் நிற்கும்.
* பிக்கியா குளுய்வெரி: குளுக்கோஸை மட்டும் நொதித்தாலும், பழமணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டை மிகுதியாக உருவாக்குகிறது. 2010களில் இது வணிக அளவில் பயன்பாட்டுக்கு வந்தது.
* சாக்கரோமைசெஸ் செரிவிசியேவின் மால்டோஸ் நொதிக்காத வகைகள்: உலர் ஈஸ்டாகக் கிடைப்பதால் சிறிய ஆலைகளும் எளிதில் பயன்படுத்துகின்றன.

மால்டோஸ் முழுமையாக எஞ்சுவதே இம்முறையின் குறை ஆகும். மால்டோஸின் இனிப்பு சாதாரணச் சர்க்கரையின் இனிப்பில் பாதிக்கும் குறைவே எனினும், செறிந்த சாற்றில் அது தெவிட்டுகிறது. ஆகவே இம்முறை செறிவு குறைந்த சாறு, உயர் வெப்பநிலை ஊறல், புளிப்பேற்றுதல் ஆகியவற்றுடன் சேர்த்தே கையாளப்படுகிறது.

எத்தனாலை நீக்கும் முறைகள்

வெற்றிடக் காய்ச்சி வடித்தல்

வளிமண்டல அழுத்தத்தில் எத்தனால் 78 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. இச்சூடு பியருக்கு வேகவைத்த மணத்தைத் தருகிறது. அழுத்தம் வளிமண்டலத்தின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டால் நீரே 46 பாகையில் கொதிக்கும். எனவே 40 முதல் 50 பாகை வரையிலான மிதமான சூட்டில் எத்தனாலை நீக்க முடிகிறது.

ஐசோஅமைல் அசிட்டேட்டின் கொதிநிலை 142 பாகை என்பதால் அது பியரிலேயே தங்கிவிடும் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. எஸ்ட்டர்கள் நீரில் எளிதில் கரையாதவை. நீர் மிகுந்த கரைசலில் அவை மிகச் சிறிய செறிவில் இருக்கும்போது, தம் கொதிநிலைக்கு வெகு கீழேயே ஆவியுடன் சேர்ந்து வெளியேறுகின்றன. பல வேளைகளில் எத்தனாலுக்கு முன்பே அவை நீங்கிவிடுகின்றன.

இப்பண்பையே சாதகமாக்கிக்கொள்ளும் கருவிகளும் உள்ளன. முதலில் வெளிவரும் மணம் மிகுந்த ஆவியைத் தனியே குளிர்வித்துச் சேகரித்து, எத்தனால் நீக்கப்பட்ட பியரில் மீண்டும் சேர்க்கின்றனர். இம்மணப்பகுதியில் எத்தனாலும் கலந்திருப்பதால் சேர்க்கும் அளவுக்கு வரம்பு உண்டு.

சவ்வு முறைகள்

எதிர்ச் சவ்வூடு பரவலில் பியர் உயர் அழுத்தத்தில் நுண்ணிய சவ்வின் மேல் செலுத்தப்படுகிறது. நீரும் எத்தனாலும் சவ்வைக் கடக்கின்றன. நிறம், புரதம், டெக்ஸ்ட்ரின், கசப்புப் பொருள்கள் ஆகியவை தங்குகின்றன. இழந்த நீருக்கு ஈடாக, ஆக்சிசன் நீக்கிய தூய நீர் சேர்க்கப்படுகிறது. டயாலிசிஸ் முறையில் அழுத்தத்துக்கு மாறாகச் செறிவு வேறுபாடு பயன்படுகிறது. இரு முறைகளும் குளிர்நிலையில் நடைபெறுவதால் சூட்டு மணம் தோன்றுவதில்லை. ஆயினும் சிறிய மூலக்கூறுகளான எஸ்ட்டர்கள் பலவும் எத்தனாலுடன் சவ்வைக் கடந்துவிடுகின்றன. எத்தனாலை மிகத் தாழ்ந்த அளவுக்குக் கொண்டுவர நீரும் ஆற்றலும் பெருமளவில் தேவைப்படுகின்றன.

ஹாப்ஸ் பயன்பாடு

நொதித்தலால் கிடைக்காத மணத்தை ஹாப்ஸ் மூலம் ஈடுசெய்வது பரவலான வழி ஆகும். கொதிக்கும்போது சேர்க்கும் ஹாப்ஸ் கசப்பைத் தருகிறது. கொதித்து முடிந்த பின்னரோ குளிர்ந்த பியரிலோ சேர்க்கும் ஹாப்ஸ், லினலூல் போன்ற எண்ணெய்களால் மலர், எலுமிச்சை மணங்களைத் தருகிறது. எனவே தொடக்கத்தில் சேர்க்கும் அளவைக் குறைத்து இறுதியில் கூட்டுவது வழக்கம்.

குளிர்ந்த பியரில் ஹாப்ஸ் சேர்ப்பதில் மறைவான ஓர் இடர் உண்டு. ஹாப்ஸிலும் மாப்பொருளை உடைக்கும் நொதிகள் சிறிதளவு உள்ளன. இங்கிலாந்தின் ஹொரேஸ் பிரவுன், மொரிஸ் ஆகியோர் இதனை 1893ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளனர். இந்நொதிகள் டெக்ஸ்ட்ரினை நொதிக்கும் சர்க்கரையாக மாற்றினால், பியரில் எஞ்சியுள்ள ஈஸ்ட் மீண்டும் செயற்படத் தொடங்கும். வழக்கமான பியரில் இது சிறு மாற்றம். 0.5 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் பியரிலோ இதனால் சட்ட வரம்பு மீறப்படலாம். ஈஸ்டை முற்றிலும் நீக்கிய பின் ஹாப்ஸ் சேர்ப்பதும், பூக்களுக்கு மாறாக அவற்றிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயைப் பயன்படுத்துவதும் இதற்குத் தீர்வுகள் ஆகும்.

கலத்தல்

இரு முறைகளின் குறைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதால், அவ்விரு பியர்களையும் கலப்பது பயன் தருகிறது. ஒன்றில் மிகுந்துள்ள மால்ட் சுவையும் இனிப்பும் மற்றொன்றின் வெறுமையை நிரப்புகின்றன.

எத்தனால் நீக்கப்பட்ட பியரில் சிறிதளவு வழக்கமான பியரைச் சேர்ப்பதும் உண்டு. எடுத்துக்காட்டாக 0.1 விழுக்காடு எத்தனால் கொண்ட பியர் 94 லீட்டருடன் 5 விழுக்காட்டுப் பியர் 6 லீட்டரைக் கலந்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் பியர் ஆகும். இது வரம்புக்குள் இருப்பதுடன், இழந்த மணத்தில் ஒரு சிறு பங்கையும் மீட்டுத் தருகிறது. "0.0" வகையில் இந்த வழி அடைபட்டுள்ளது. சுவை நோக்கில் அது மேலும் கடினமாக இருப்பதற்கு இதுவே ஒரு காரணம்.

நுண்ணுயிர்ப் பாதுகாப்பு

எத்தனால் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளும் ஆகும். அதனை நீக்கும்போது சுவையுடன் ஒரு பாதுகாப்பும் நீங்குகிறது. எஞ்சிய சர்க்கரை நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. வழக்கமான பியரில் வளர இயலாத சால்மனெல்லா, நோய் விளைவிக்கும் ஈ. கோலை வகைகள் ஆகியவை, புளிப்புக் குறைந்த மதுசாரமற்ற பியரில் வளரக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

இதனைத் தடுக்கக் காரகாடித்தன்மைச் சுட்டெண் 4.6க்குக் கீழே வைக்கப்படுகிறது. அடைத்த பியர் பாஸ்டர் முறையில் சூடேற்றப்படுகிறது. 60 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் வைப்பது ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. வெளிர்நிற லாகர் பியருக்கு 15 முதல் 25 அலகுகள் போதும். மதுசாரமற்ற பியருக்கு 80 முதல் 120 அலகுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இம்மிகை சூடு மீண்டும் ஆல்டிகைடுகளை உருவாக்கிச் சுவையைக் கெடுக்கிறது. எனவே நல்ல சுவைக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஒரு சமநிலை காணப்பட வேண்டும். சூடேற்றத்தைக் குறைத்துச் சுவையைக் காக்க முயல்வது அருந்துவோருக்குத் தீங்காக முடியலாம்.

பெரிய ஆலைகளும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகமான கின்னஸ் 0.0, நுண்ணுயிர் மாசு காரணமாக மறு மாதமே விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தயாரிப்பு முறை மாற்றப்பட்ட பின் 2021ஆம் ஆண்டில் மீண்டும் வெளிவந்தது.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

எத்தனாலின் வெதுவெதுப்பான உணர்வுக்கு நிறைவான மாற்றுப் பொருள் இல்லை. ஹாப்ஸின் மணப்பொருள்களை ஈஸ்டைக் கொண்டே உருவாக்கி, பின்னர் மதுசாரமற்ற பியரில் சேர்க்கும் முறையை 2020களில் கோபன்கேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஹாப்ஸ் பயிருக்குத் தேவைப்படும் பெருமளவு நீரையும் இதனால் சேமிக்கலாம்.

பியரின் சுவையை ஒத்திருத்தல் எல்லோருக்கும் நன்மையே எனக் கூற இயலாது. மது அருந்துவதைக் குறைக்க விரும்புவோருக்கு நல்ல சுவையுள்ள மாற்றுப் பானம் உதவியாக அமையலாம். குடிநோயிலிருந்து மீள்வோருக்கோ அதே சுவையும் மணமும் பழைய வேட்கையைத் தூண்டக்கூடும். கருவுற்ற பெண்களும், எத்தனாலை முற்றிலும் தவிர்க்க வேண்டியோரும் 0.5 விழுக்காடு, 0.0 விழுக்காடு ஆகிய இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது. சுவையைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறிய முடியாது. புட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள அளவைப் படித்தே அறிய வேண்டும்.